எங்க ஊரை மாநகராட்சியில சேர்த்தா வீட்டுச் செலவு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜனவரி தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு ஒரு பெரிய பட்டியலை வெளியிட்டது. 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகள், 41 நகராட்சிகளோடு 147 ஊராட்சிகள் சேர்ப்பு, அதுபோகப் புதிய நகராட்சிகள், புதிய பேரூராட்சிகள். திருச்சி, புதுக்கோட்டை என்று பல ஊர்களின் ஓரத்தில் மறியல் நடந்தது. அப்போதிலிருந்து டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன். கட்டண விகிதங்கள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், உங்கள் ஊர்க் கணக்கை உங்கள் அலுவலகத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லாம் ஒண்ணுதானே? போர்டுல பேரு மாறினா என்ன ஆயிடப் போகுது?

போர்டு மட்டும் மாறினால் பிரச்சினை இல்லை. ஊராட்சி 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ், ஊரக வளர்ச்சித் துறையில் இருக்கிறது. மற்ற மூன்றும் 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டத்தின் கீழ், நகராட்சி நிர்வாகத் துறையில். வீட்டு வரியை எப்படிக் கணக்குப் போடுவது, வீடு கட்ட எந்தத் திட்டத்தில் பணம் வரும், நூறு நாள் வேலை அட்டை செல்லுமா, வரைபட ஒப்புதலுக்கு எங்கே போவது எல்லாமே நீங்கள் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துத்தான்.

பலர் கவனிக்காத ஒன்று: பேரூராட்சியும் நகர்ப்புறக் கணக்குதான். "மாநகராட்சி வேண்டாம், பேரூராட்சியாக்கிவிடுங்கள்" என்று கேட்பவர்கள், தாங்கள் விட மறுப்பதில் பாதியை அந்தக் கோரிக்கையிலேயே விட்டுவிடுகிறார்கள்.

வீட்டு வரி எவ்வளவு ஏறும்? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது, ஆனால் மடங்கில் ஏறும். ஊராட்சியில் கூரையா, ஓடா, மாடியா, எத்தனை சதுர அடி என்று பார்த்து வருடத்துக்கு ஒருமுறை வாங்குவார்கள். சாதாரண வீட்டுக்குச் சில நூறு ரூபாய். நகர்ப்புறத்தில் உங்கள் தெரு எந்த மண்டலம், அங்கே சதுர அடிக்கு என்ன அடிப்படை மதிப்பு, கட்டிடத்துக்கு என்ன வயது, குடியிருப்பா கடையா என்று பார்த்து அரையாண்டுக்கு ஒருமுறை வரி. அதோடு காலிமனை வரியும் உண்டு. மகளுக்கென்று வாங்கிப் போட்ட மனை சும்மா கிடந்தாலும் ரசீது வரும்.

அந்த வரியும் ஓர் இடத்தில் நிற்பதில்லை. 2022 ஏப்ரலில் பழைய சென்னையில் (2011 விரிவாக்கத்துக்கு முந்தைய எல்லைக்குள்) 600 சதுர அடி வரை 50 சதவீதமும் 1800-க்கு மேல் 150 சதவீதமும் ஏற்றினார்கள். மற்ற மாநகராட்சிகள், நகராட்சிகளில் அதே அளவுகளுக்கு 25 முதல் 100 சதவீதம் வரை. ஆண்டுதோறும் உயர்த்தவும் விதி வந்துவிட்டது. சென்னையில் அது 6 சதவீதம் என்று அமலானது. அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தவறினால் மாதம் 1 சதவீத வட்டி. ஊராட்சியில் மூன்று வருட பாக்கியை மொத்தமாகக் கட்டிய பழக்கம் இங்கே செல்லாது.

சேர்த்த மறுநாளே அந்த வரி வந்து நிக்குமா?

வராது. 2011-இல் சென்னையோடு சேர்த்த பகுதிகளுக்கு, பதினோரு வருடம் கழித்து 2022-இல் ஏற்றியபோதும் பழைய சென்னையைவிடக் குறைந்த சதவீதமே போட்டார்கள். படிப்படியாகத்தான் வரும். ஆனால் வரும். "உடனே ஏறாது" என்று அதிகாரி சொல்வதை "ஏறவே ஏறாது" என்று காதில் வாங்கிக்கொள்ளாதீர்கள். வரிக்கு வெளியே குடிநீர் இணைப்பு வைப்புத்தொகை, பாதாளச் சாக்கடை இணைப்புக் கட்டணம், மாதக் கட்டணம் என்று தனித்தனியாக வரும்.

நூறு நாள் வேலை போயிடும்னு பொம்பளைங்க எல்லாம் ரோட்டுல உக்காந்துட்டாங்க. அதுக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். தமிழ்நாட்டில் அதன் தினக்கூலி 2024-25-இல் 319 ரூபாய், 2025-26-இல் 336 ரூபாய். நூறு நாளும் கிடைத்தால் வருடத்துக்கு 33,600. நூறு நாளும் கிடைத்தவர்கள் குறைவு என்றாலும், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ரொக்கமாக, அதுவும் பெண் பெயரில் வந்த முக்கியமான பணம் அது. சீட்டுக்கும் மருந்துக்கும் வீட்டு வரிக்கும் அதிலிருந்துதான் எடுப்பார்கள். வரி மடங்காக ஏறும் அதே நேரத்தில் வரி கட்டும் பணமும் நின்றுபோகிறது. மறியலில் உட்கார்ந்தவர்கள் போட்ட கணக்கு இதுதான். அவர்களுக்கு விவரம் தெரியாது என்று டிவியில் பேசியவர்களைப் பார்த்துக் கோபம்தான் வந்தது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாக 125 நாள் என்று புதுச் சட்டம் கொண்டுவந்தது. அதுவும் ஊரகப் பகுதிக்கு மட்டும்தான். நகரத்துக்கென்று மாநில அரசு 2022-இல் ஒரு வேலைத்திட்டம் தொடங்கியது உண்மை, ஆனால் அது சில இடங்களில் மட்டும் நடந்த முன்னோட்டம். அதைக் காட்டி ஈடாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

வீடு கட்ட அரசு குடுக்கிற பணம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே?

இல்லை. ஊரகப் பக்கம் பிரதமர் வீட்டுத் திட்டத்தில் 1.20 லட்சம், இதை மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்று பகிர்ந்துகொள்கின்றன. கான்கிரீட் கூரைக்காக மாநில அரசு தனியாக 1.20 லட்சம் சேர்க்கிறது. இதற்கு மேல், சொந்த வீட்டு வேலைக்கே 90 நாள் கூலியை நூறு நாள் திட்டத்தில் கொடுத்து வந்தார்கள். 2024-இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம். குடிசைகளை மாற்ற 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்ற அந்த இலக்கும் ஊரகப் பகுதிக்குத்தான்.

நகர்ப்புறப் பிரதமர் திட்டத்தில் சொந்த மனையில் கட்டுபவருக்கு மத்திய அரசு 1.50 லட்சமும் மாநில அரசு 60,000-மும் கொடுத்து வந்தன. இரண்டு பக்கமும் பட்டா நிலம் வேண்டும். ஆக, கம்பி, சிமெண்ட், கொத்தனார் கூலி எல்லாம் கூடுதலாக இருக்கும் பக்கத்தில் உதவி குறைவு. உங்களுக்கு ஏற்கெனவே வீடு கட்ட வேலை உத்தரவு வந்திருந்தால், இணைப்பு அமலாகும் முன் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நிலுவைத் தவணைகள் என்ன ஆகும் என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்து விலை ஏறுமே. அப்போ லாபம்தானே?

விற்பவருக்கு லாபம். குடியிருக்கும் வீடு ஒன்றுதான் சொத்து என்றால் விலை ஏறி உங்களுக்கு என்ன கிடைக்கும்? வரி மதிப்பு ஏறும், பையன் தனிக்குடித்தனம் போகப் பக்கத்தில் மனை வாங்க முடியாமல் போகும், அவ்வளவுதான்.

வாங்குபவருக்குப் பத்திரச் செலவும் இருக்கிறது. முத்திரைத் தீர்வை, சொத்து மாற்று வரி, பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம். 20 லட்சம் மனைக்கு 1.80 லட்சம் பதிவு அலுவலகத்திலேயே போய்விடும். 2017-இல் வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு குறிக்கும் நில மதிப்பை, 33 சதவீதம் குறைத்துவிட்டுப் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக ஏற்றினார்கள். 2023-இல் மதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய்க் கட்டணத்தை 2 ஆக்கினார்கள். ஒரு கை கொடுத்தால் இன்னொரு கை வாங்கிக்கொள்ளும். அப்புறம், விலை ஏறுவது அரசாணை வந்த பிறகு இல்லை. சாலை வரப்போகிறது, இணைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பும்போதே ஏறிவிடும். அரசாணையைப் படித்துவிட்டு வாங்கப் போகிறவர் கடைசி ஆள்.

எங்க அப்பா பேர்ல ஒண்ணரை ஏக்கர் நஞ்சை இருக்கு. மாநகராட்சிக்குள்ள வந்துட்டா வித்தா வருமான வரி வருமா?

வரலாம். வருமான வரிச் சட்டப்படி ஊரக விவசாய நிலம் மூலதனச் சொத்தே இல்லை, விற்ற லாபத்துக்கு வரி கிடையாது. 10,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்புற உள்ளாட்சியின் எல்லைக்குள் வந்துவிட்டால் இந்தச் சலுகை போய்விடும், நீங்கள் இன்னும் நெல்தான் நட்டுக்கொண்டிருந்தாலும் சரி.

எல்லைக்கு வெளியே இருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. அந்த நகரத்தில் 10,000 முதல் ஒரு லட்சம் பேர் என்றால் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை 6, அதற்கு மேல் 8 கிலோமீட்டர் வரை நகர்ப்புற நிலமாகவே எடுத்துக்கொள்வார்கள். தூரத்தை நேர்கோட்டில் அளப்பார்கள், சாலை சுற்றிப்போவது கணக்கில் வராது. பக்கத்து ஊராட்சியை இணைத்தால் எல்லை உங்களை நோக்கி நகர்கிறது என்பதை மறக்க வேண்டாம். விற்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

ஊராட்சின்னா வாடகை கம்மி, மாநகராட்சின்னா ஜாஸ்தி. இது சரிதானே?

சென்னைப் புறநகரான மேடவாக்கத்தில் வீடு தேடியிருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். மேடவாக்கம், படூர், கேளம்பாக்கம் எல்லாம் ஊராட்சிகள்தான். அங்கே வாடகையை முடிவு செய்வது ஐ.டி. கம்பெனியின் பஸ் எங்கே நிற்கிறது என்பதுதான். சிறுசேரியின் கண்ணாடிக் கட்டிடங்களும் ஓர் ஊராட்சிக்குள்தான் நிற்கின்றன.

இன்னொரு பக்கம் பெரும்பாக்கம். சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தியவர்களை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் அடுக்குமாடியில் கொண்டுவைத்தது அங்கேதான். அதுவும் ஊராட்சி. நகரத்தில் வீட்டு வேலைக்கும் சுமை தூக்கவும் போனவர்கள், முகவரியில் கிராமவாசி ஆகிவிட்டு, தினமும் பஸ் பிடித்து அதே நகரத்துக்கு வேலைக்கு வருகிறார்கள்.

வீட்டு வரி ஏறினா எல்லாக் கட்சியும் கத்துது. வாடகை ஏறினா யாருமே பேசறதில்லையே, ஏன்?

வாடகைக்கு இருப்பவரின் ஓட்டு பெரும்பாலும் வாடகை கொடுக்கும் ஊரில் இல்லை. பதினொரு மாத ஒப்பந்தம் மாறும்போதெல்லாம் யார் வாக்காளர் அட்டையை மாற்றுகிறார்கள்? தேர்தலுக்கு முந்தைய நாள் கோயம்பேட்டிலும் கிளாம்பாக்கத்திலும் கூடும் கூட்டத்தைப் பாருங்கள். சென்னையில் வாடகை கொடுப்பவர் விருத்தாசலத்திலும் சங்கரன்கோவிலிலும் போய் ஓட்டுப் போடுகிறார். அங்கே அவர் கேட்பது அப்பாவுக்கு ஓய்வூதியம், ஊருக்குப் பாலம். அவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்னும் வாடகையைப் பற்றிப் பேச அந்த வேட்பாளருக்கு ஒரு காரணமும் இல்லை.

எண்களும் அதையே காட்டுகின்றன. 2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலம் முழுக்க ஏறத்தாழ 73 சதவீத வாக்குப்பதிவு, சென்னையில் 59. 2022 மாநகராட்சித் தேர்தலில் சென்னை 44-ஐக்கூடத் தொடவில்லை. சொந்த வீட்டுக்காரர் அதே வார்டில் இருபது வருடமாக இருப்பார், ரசீதோடு கவுன்சிலரைப் பார்ப்பார். அதனால் வரி அரசியலாகிறது, வாடகை குடும்பப் பிரச்சினையாகவே நின்றுவிடுகிறது. 2019-இல் அமலான வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது. பத்து மாதம் கேட்கும் ஓனரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த ஆளுக்கு வீட்டைக் காட்டப் போய்விடுவார்.

புறநகர்ல சொந்தமா ஃபிளாட் வாங்கி, ஓட்டையும் மாத்திட்டேன். அப்போ என் பேச்சு எடுபடணும்ல?

முந்தைய பதிலில் சொன்ன சிக்கல் உங்களுக்கு இல்லை. ஆனால் வேறு ஒன்று இருக்கிறது. இப்போதைய தொகுதி எல்லைகள் 2008-இல் வரைந்தவை. நகரத்துக்குள் விலை தாங்காமல் மக்கள் வெளியே வெளியே போனார்கள், கோடுகள் நகரவில்லை. 2021-இல் சோழிங்கநல்லூர் தொகுதியில் ஏறத்தாழ 7 லட்சம் வாக்காளர்கள், துறைமுகம் தொகுதியில் ஏறத்தாழ 1.75 லட்சம். இரண்டுக்கும் ஒரே ஒரு சட்டமன்ற உறுப்பினர். ஓட்டின் எடை நான்கில் ஒன்று. தண்ணீர் லாரிக்கு அதிகம் செலவழிப்பதும் இதே ஆட்கள்தான்.

அமெரிக்கா மாதிரி சிட்டி ஒரு கட்சி, கிராமம் ஒரு கட்சின்னு நம்ம ஊர்லயும் பிரிஞ்சிருக்கா?

அங்கே இருப்பதுபோல் நிலையாக இல்லை. எம்.ஜி.ஆர். காலத்தில் கிராமம் அ.தி.மு.க., சென்னை தி.மு.க. என்று ஒரு பேச்சு இருந்தது, அதில் உண்மையும் இருந்தது. ஆனால் 2011-இல் அப்போதிருந்த பத்து மாநகராட்சிகளையும் அ.தி.மு.க. பிடித்தது. 2021-இல் சென்னையின் 16 தொகுதிகளும் தி.மு.க. அணிக்கு, கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளும் அ.தி.மு.க. அணிக்கு. கோவை என்ன கிராமமா? அடுத்த வருடமே 21 மாநகராட்சிகளும் தி.மு.க. அணிக்குப் போயின.

இங்கே பிளவு வேறு இடத்தில் இருக்கிறது. காசு ஓர் இடத்தில் கொடுக்கிறோம், ஓட்டு இன்னோர் இடத்தில் போடுகிறோம், சலுகை மூன்றாவது ஒரு பட்டியலைப் பார்த்து வருகிறது. இந்த மூன்றும் ஒரே ஊரில் இருப்பவருக்கு எந்தக் கட்சியும் காது கொடுக்கும்.

இந்த இணைப்பை எந்தக் கட்சி எதிர்க்குது?

எதிர்க்கட்சியாக இருக்கும் கட்சி. கிண்டல் இல்லை. 2018-இல் அ.தி.மு.க. அரசு சொத்து வரியை ஏற்றியபோது தி.மு.க. போராடியது, 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியதும் அந்த உயர்வை நிறுத்திவைத்தார்கள். 2022-இல் தி.மு.க. அரசு ஏற்றியபோது அ.தி.மு.க. தெருவுக்கு வந்தது. சென்னை விரிவாக்கம் தி.மு.க. ஆட்சியில் முடிவாகி, அ.தி.மு.க. ஆட்சியில் 2011-இல் நடந்தது. மத்தியிலிருந்தும் அழுத்தம் இருந்தது: சொத்து வரியை மாநில வளர்ச்சிக்கு ஏற்ப உயர்த்தினால்தான் நகர்ப்புற உள்ளாட்சிக்கு மானியம் என்று 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டது. அதைச் செய்தது யார் என்று மேடையில் யாரும் சொல்வதில்லை.

ஊராட்சித் தலைவருங்க எதிர்க்கிறது பதவி போயிடும்னுதானே?

அதுவும் இருக்கும். நகரத்தை ஒட்டிய ஊராட்சியில் மனை விற்க விற்கச் சொத்து மாற்று வரியில் பங்கு வரும், கட்டிட அனுமதிக் கட்டணம் வரும். சும்மா விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? ஆனால் ஊர்க்காரருக்கும் இழப்பு உண்டு. ஊராட்சித் தலைவரை மக்களே நேரடியாக, கட்சிச் சின்னம் இல்லாமல் தேர்ந்தெடுக்கிறார்கள். மேயரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கிராம சபை வருடத்தில் ஆறு முறை கூடும். சென்னையில் 2011 கணக்குப்படி பார்த்தால் ஒரு கவுன்சிலருக்குச் சராசரியாக 33,000 பேர்.

இட ஒதுக்கீட்டில் தலித் பெண் ஒருவர் தலைவரான ஊர், வார்டின் ஒரு மூலையாகிவிட்டால் அந்த நாற்காலியே இல்லாமல் போகிறது. இதைப் பற்றி இன்னும் நிறையப் பேசியிருக்க வேண்டும்.

சேர்ந்தா தண்ணி, சாக்கடை, ரோடு எல்லாம் வரும்ல?

ரோடும் தெருவிளக்கும் குப்பை வண்டியும் ஓரளவு சீக்கிரம் வரும். தண்ணீரும் சாக்கடையும் வருவது வேறு கதை. 2011-இல் சென்னையோடு 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் சேர்ந்தன. 174 சதுர கிலோமீட்டர் 426 ஆனது. பத்து வருடம் தாண்டியும் பழைய மகாபலிபுரம் சாலையோரப் பகுதிகளில் பாதாளச் சாக்கடை வராத தெருக்கள் இருந்தன, லாரித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

நான் சேரணும்னுதான் நினைக்கிறேன். இதைச் சொன்னா ஊர்ல அடிக்க வர்றாங்க. நான் நினைக்கிறது தப்பா?

தப்பில்லை. உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று சொன்னால் உங்கள் கருத்தை நானே சொல்லிவிடுவேன்: ஊருக்கு வெளியே ஏதோ ஒரு 'நகர்'. கடன் வாங்கி மனையில் கட்டிய வீடு, கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் லாரிக்குப் பணம், மழை வந்தால் முழங்கால் தண்ணீர். நூறு நாள் வேலை அட்டை உங்களிடம் இல்லை. பழைய ஊரில் நத்தத்தில் (பழைய குடியிருப்பு நிலத்தில்) இருப்பவருக்குக் கிணறு இருக்கிறது, கொல்லை இருக்கிறது, அட்டை இருக்கிறது. இணைப்பில் அவர் இழப்பது அதிகம், நீங்கள் பெறுவது அதிகம். நகரம், கிராமம் என்ற சண்டை ஒரே ஊராட்சிக்குள் நடக்கிறது.

இரண்டு தரப்பும் சேர்ந்து கேட்கக்கூடிய ஒன்று உண்டு: சாக்கடை இணைப்பு வரும்வரை வரியை உயர்த்தக்கூடாது, குறைந்தது எத்தனை ஆண்டுகளில் எவ்வளவு என்று அட்டவணை போட வேண்டும். கிராம சபைத் தீர்மானமாகவும், ஆட்சியருக்குத் தனித்தனி மனுவாகவும் கொடுங்கள். தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது, ஆனால் கோர்ட்டுக்குப் போனால் கையில் இருக்கும் காகிதம் அதுதான். பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டதால், தலைவர் பார்த்துக்கொள்வார் என்று இருக்க வேண்டாம்.

அப்போ சேர்க்கிறதுக்கு முன்னாடியே அவசரமா வீட்டைக் கட்ட ஆரம்பிச்சுடலாமா?

கட்டணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் வேண்டாம். அனுமதி இல்லாமல் அஸ்திவாரம் போட்டுவிட்டால் பிறகு வங்கிக் கடன், மின் இணைப்பு எல்லாவற்றிலும் சிக்கல். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ ஒரு மாடியோ கட்ட, சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. ஊராட்சிக்கும் மாநகராட்சிக்கும் கட்டண வித்தியாசம் உண்டு, ஆனால் மொத்தக் கட்டுமானச் செலவில் அது சிறிய பங்கு.

முதலில் மனை அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைப் பதிவுக்குத் தடை போட்டது. அடுத்த வருடம் வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்பனை நடந்த மனைப்பிரிவுகளுக்குத்தான். உங்கள் பத்திரம் அதற்குப் பிந்தையது, மனைப்பிரிவிலும் அதற்கு முன் எதுவும் விற்கவில்லை என்றால், ஊர் எந்தப் பக்கம் சேர்ந்தாலும் அனுமதி கிடைக்காது. அந்தக் காகிதத்தைத்தான் இந்த வாரம் தேடி எடுக்க வேண்டும்.